பழைய ஹைப்ரிட் காரும் சர்வீஸ் எஸ்டிமேட்டும்: புதுச்சேரி, கடலூர் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்து ஆண்டு கடந்த ஹைப்ரிட் காரை (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கார்) சர்வீஸுக்கு விட்டவர் கையில் அநேகமாக ஒரு நீண்ட எஸ்டிமேட் வந்து சேரும். அதில் பாதி வரிகளின் பொருள் அவருக்குப் புரியாது. ஹைப்ரிட் என்பதாலேயே ஒரு பயம் இருக்கும். மறுத்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் லாஸ்பேட்டையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே ஹைப்ரிட் செடானை ஓட்டி வருகிறேன். நண்பர்களும் உறவினர்களும் காட்டிய எஸ்டிமேட்டுகளை அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்த அனுபவத்திலிருந்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

என் கார் எந்த வகை ஹைப்ரிட் என்பது ஏன் முக்கியம்?

ஏனென்றால் எஸ்டிமேட்டில் உள்ள சில வேலைகளுக்கான பாகமே உங்கள் காரில் இல்லாமல் இருக்கலாம். 2015-இல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா டீசல் எஸ்.எச்.வி.எஸ் வண்டிகள் மிதமான ஹைப்ரிட்கள். அவற்றில் வண்டியை இழுப்பது எப்போதும் எஞ்சின்தான். பெல்ட்டால் இணைந்த ஒரு ஜெனரேட்டர் மோட்டார் எஞ்சினைக் கிளப்பவும் சற்று உதவவும் செய்கிறது. உயர் மின்னழுத்த பேட்டரி கிடையாது. ஆகவே இவற்றுக்கு "ஹைப்ரிட் பேட்டரி பரிசோதனை" என்று தனிக் கட்டணம் கேட்டால் எதைப் பரிசோதிக்கப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த பெல்ட்டும் 12 வோல்ட் பேட்டரியும்தான் இவற்றில் கவனிக்க வேண்டியவை.

2010-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா பிரியஸ், 2013-இல் வந்த கேம்ரி ஹைப்ரிட் ஆகியவை முழு ஹைப்ரிட்கள். இவை மின்சாரத்தில் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடியவை. இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, அதன் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர், அதைக் குளிர்விக்கத் தனிக் கூலன்ட் ஆகியவை உண்டு. அதே சமயம் வழக்கமான ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இவற்றில் இல்லை; பவர் ஸ்டீயரிங் ஆயிலும் இல்லை. ஓர் உறவினரின் முழு ஹைப்ரிட் காருக்கு "பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றம்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏமாற்றும் எண்ணம் அதில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே பட்டியலை அச்சிட்டுக் கொடுக்கும் பழக்கம்தான் காரணம். ஆனாலும் பணம் உங்களுடையது. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் முழு ஹைப்ரிட் பற்றியவை.

எஸ்டிமேட் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கார் வாங்கும்போது கொடுத்த உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துவிடலாம். அட்டவணையில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம் என்று அச்சிடப்பட்ட வேலை முதல் வகை. அட்டவணையில் இல்லாவிட்டாலும் அளந்து பார்த்ததில் தேவை என்று தெரிந்த வேலை இரண்டாம் வகை. அட்டவணையிலும் இல்லாமல், அளவும் இல்லாமல், "செய்தால் நல்லது" என்பதற்காக மட்டும் எழுதப்பட்டது மூன்றாம் வகை. முதலாவதைச் செய்யுங்கள். இரண்டாவதற்கு அளவைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவதை அன்றே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அட்டவணையைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. "மாற்றுக" என்பதற்கும் "பரிசோதிக்க" என்பதற்கும் தனித்தனிக் குறியீடுகள் இருக்கும். பரிசோதிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிமேட் "மாற்றம்" என்று சொன்னால், பரிசோதனையின் முடிவு என்ன என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

என் கார் 12 ஆண்டில் 60,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. கிலோமீட்டர் வராத வேலையை மறுக்கலாமா?

இந்தக் கணக்கில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் தவறிவிடுகிறார்கள். அட்டவணையில் கிலோமீட்டரும் காலமும் இரண்டும் கொடுக்கப்பட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ரப்பர், பிரேக் ஆயில், கூலன்ட், எஞ்சின் ஆயில் எல்லாம் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் மூப்படைகின்றன. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி குருசுக்குப்பத்திலோ இரவெல்லாம் வெளியே நிற்கும் காருக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

ஹைப்ரிட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டிலிருந்து நேரு வீதிக்குப் போய்த் திரும்பும் சிறு பயணத்தில் எஞ்சின் சில நிமிடங்களே இயங்கி அணைந்துவிடும். அது முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே உருவாகும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலில் தங்குகிறது. அதனால் குறைவாக ஓடும் வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றச் சொன்னால் வாதாடாதீர்கள். கையேடு சொல்லும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்குப் பதில் "வயதான எஞ்சின், கெட்டியாக ஊற்றலாம்" என்று யாரேனும் சொன்னால் மட்டும் கையேட்டைத் திறந்து அனுமதிக்கப்பட்ட தரங்களைக் காட்டுங்கள்.

ஹைப்ரிட்டில் பிரேக் தேயாது என்கிறார்கள். பிறகு ஏன் பிரேக் வேலை சொல்கிறார்கள்?

தேய்மானம் குறைவு என்பது உண்மை. மிதியை மெதுவாக அழுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. பிரேக் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடிப்பது பெரும்பாலும் வண்டி நிற்கப்போகும் கடைசி நொடிகளிலும் அவசர பிரேக்கிலும்தான். ஆனால் கடலோரத்தில் இதுவே கேடாகவும் முடியும். சாதாரணக் காரில் டிஸ்க்கின் மேல் படியும் துருவை ஒவ்வொரு பிரேக்கும் உராய்ந்து நீக்கிவிடுகிறது. ஹைப்ரிட்டில், குறிப்பாகப் பின் சக்கரங்களில், அந்த உராய்வு போதுமான அளவு நடப்பதில்லை. துரு தங்குகிறது, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகிவிடுகின்றன.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 70,000 கி.மீ. அளவில் ஒரு சர்வீஸ் சென்டரில் பின் பேடும் டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பேட் தடிமனாகவே தெரிந்தது. ஆகவே இது தேவையற்ற செலவு என்று உறுதியாக நம்பி, சக்கரத்தைக் கழற்றி அளந்து காட்டச் சொன்னேன். இடது பின் சக்கரத்தில் வெளிப்புற பேட் 8 மி.மீ. இருந்தது, உட்புற பேட் 2 மி.மீ.தான். ஸ்லைடு பின் இறுகி, ஒரே பக்கம் தேய்ந்திருந்தது. வலது பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. டிஸ்க்குகள் இரண்டும் அனுமதிக்கப்பட்ட தடிமனுக்கு மேலேயே இருந்தன. கடைசியில் பின் பேடுகள் ஒரு ஜோடியும் காலிப்பர் சுத்தமும் கிரீஸும் மட்டும் செய்தோம், டிஸ்க் மாற்றவில்லை. அளக்காமல் மாற்றச் சொன்னது அவர்கள் தவறு. அளக்காமல் மறுக்க நினைத்தது என் தவறு. அன்றிலிருந்து எந்த எஸ்டிமேட்டிலும் நான் முதலில் கேட்பது அளவைத்தான்.

புதிய பேடின் தடிமன் ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றத் திட்டமிடுவது விவேகம். காலிப்பர் சுத்தம் செய்து கிரீஸ் இடும் வேலை அட்டவணையில் தனியாக இல்லாவிட்டாலும், நம் கடற்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. வாரத்தில் சில முறை, பின்னால் வண்டி வராத நேரம் பார்த்துச் சற்று அழுத்தமாக பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் துரு உராய்ந்து போகும்.

பிரேக் ஆயில் வேறு கதை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 தர ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பேட் புதிது போல் இருப்பதற்கும் ஆயில் நல்ல நிலையில் இருப்பதற்கும் தொடர்பில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது நம் ஊர் ஈரக்காற்றுக்கு நியாயமானது. இந்தக் கார்களில் பிரேக் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படுவதால், ஆயில் மாற்றிக் காற்றை வெளியேற்ற காரின் கணினியோடு இணைக்கும் உரிய ஸ்கேனர் தேவைப்படும். அது இல்லாத பட்டறையில் இந்த ஒரு வேலையைக் கொடுக்க வேண்டாம்.

"ஹைப்ரிட் பேட்டரி ஃபேன் சுத்தம்" என்று ஒரு வரி இருக்கிறது. தேவையா?

தேவை. பல முழு ஹைப்ரிட்களில் பின் இருக்கைப் பக்கத்தில் ஒரு சிறிய காற்று வழி இருக்கும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அதன் வழியே ஃபேன் இழுத்து பேட்டரியைக் குளிர்விக்கிறது. சில்வர் பீச்சுக்குக் குடும்பத்தோடு போய்வந்த மணலும், துணி நூலும், நாய் முடியும் அங்கேதான் சேரும். வழி அடைத்தால் பேட்டரி சூடாகும். சூடுதான் அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கிறது.

இதில் நீங்களே செய்யக்கூடியதும் உண்டு. வெளியில் வாங்கிப் போட்ட சீட் கவர், விரித்துவைத்த துண்டு, கட்டைப் பை ஆகியவை அந்த வழியை மூடியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மேல் வலையில் படிந்த தூசியை வேக்குவம் கிளீனரால் எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் ஃபேனைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். அதையும் தூசி இருக்கிறதா என்று பார்த்துச் செய்தால் போதும், ஒவ்வொரு சர்வீஸிலும் வேண்டியதில்லை. பேட்டரியைக் குளிர்விப்பது காரின் உட்புறக் காற்று என்பதால், ஏசி சரியாகக் குளிராத வண்டியைச் சித்திரை வெயிலில் அப்படியே ஓட்டுவது பேட்டரிக்கும் தீங்கு. ஏசி பழுதை வசதி பற்றிய விஷயம் என்று மட்டும் நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

பேட்டரி பலவீனமாகிவிட்டது, முழுதாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். எப்படி நம்புவது?

இது எஸ்டிமேட்டின் மிகப் பெரிய தொகை. வாய்ச்சொல்லில் இதற்குச் சம்மதிக்கக் கூடாது.

முதலில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததா, பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பி0ஏ80 என்ற குறியீடு பேட்டரித் தொகுதியின் சீர்கேட்டைக் குறிக்கிறது. அது இருந்தாலும் அடுத்த கேள்வி உண்டு. கேம்ரி ஹைப்ரிட்டின் பேட்டரி ஏறத்தாழ 245 வோல்ட். அதில் 34 சிறு பேட்டரிகள் வரிசையாக இணைந்துள்ளன. கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 17 பகுதிகளாகக் கண்காணிக்கிறது. வண்டியை வேகமெடுக்க வைத்தும் பிரேக் பிடித்தும் அந்தப் பதினேழின் மின்னழுத்தத்தை ஸ்கேனரில் பதிவு செய்ய முடியும். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் பேட்டரி சமநிலையில் இருக்கிறது. ஒரு பகுதி மட்டும் சுமையின்போது மற்றவற்றைவிட ஒரு வோல்ட் அளவுக்குத் தொடர்ந்து விலகினால் அது பழுதின் தெளிவான அடையாளம். அந்தப் பதிவை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது எடுத்த ஒற்றை அளவை ஆதாரமாக ஏற்க வேண்டாம்.

கடலோரத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிறு பேட்டரிகளை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சை பூத்து, தொடர்பு கெட்டு, பேட்டரியே பழுதானது போன்ற அளவு காட்டுவது உண்டு. பட்டைகளைச் சுத்தம் செய்த பிறகும், ஃபேன் வழியைச் சரிசெய்த பிறகும் மீண்டும் அளந்தார்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் முழு பேட்டரிக்குக் கையெழுத்திட வேண்டாம்.

பழுதான ஒரு சிறு பேட்டரியை மட்டும் மாற்றித் தருவதாக வெளியில் சிலர் சொல்வார்கள். அது சில மாதம் ஓடலாம். மற்ற முப்பத்துமூன்றும் அதே வயதுடையவை என்பதால் அடுத்தது விரைவில் விழ வாய்ப்பு அதிகம். காரை விற்கும் எண்ணத்தில் இருப்பவர் இதைச் செய்து, வாங்குபவரிடம் மறைத்தால் அது நேர்மையல்ல என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

காலையில் கார் கிளம்பவே இல்லை, எல்லா விளக்குகளும் எரிகின்றன. ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறிய 12 வோல்ட் பேட்டரியை. கணினிகளை விழிக்கவைத்து உயர் மின்னழுத்த பேட்டரியை இணைப்பில் கொண்டுவருவது அதுதான். அது தளர்ந்தால் தொடர்பில்லாத எச்சரிக்கைகள் ஒன்றாக எரியும். இரவு முழுதும் நின்ற வண்டியில் மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். வெளியூர் போய் மூன்று வாரம் வண்டி நின்றிருந்தாலே இப்படி ஆகலாம். அப்போது முழுதாகச் சார்ஜ் செய்தபின் சுமைச் சோதனை செய்து பார்த்தே மாற்றுவதா என்று முடிவெடுங்கள். பல மாடல்களில் இது டிக்கியில் இருப்பதால், வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் இணைக்கத்தக்க வகையே பொருத்தப்பட வேண்டும். அளவு பொருந்துகிறது என்பதற்காகச் சாதாரண பேட்டரியை வைத்துவிடக் கூடாது.

இன்வெர்ட்டர் கூலன்ட், கியர் பெட்டி ஆயில்?

இன்வெர்ட்டரின் கூலன்ட் எஞ்சின் கூலன்டிலிருந்து வேறான சுற்று. தனித் தொட்டி உண்டு. எஸ்டிமேட்டில் "கூலன்ட்" என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள். இரண்டும் நீண்ட காலம் தாங்குபவை. கையேட்டின் காலக்கெடு வந்திருந்தால் மாற்றுங்கள், வராவிட்டால் அளவும் நிறமும் சரியாக இருந்தால் போதும். வெற்றுத் தண்ணீரோ வேறு நிறக் கூலன்டோ கலந்து நிரப்ப மட்டும் விடாதீர்கள்.

கியர் பெட்டி ஆயிலைப் பல அட்டவணைகள் பரிசோதிக்க மட்டுமே சொல்கின்றன. ஆயினும் அந்த ஆயிலில்தான் மோட்டார்களும் இருக்கின்றன. ஒரு லட்சம் கி.மீ. கடந்து இதுவரை மாற்றாத வண்டிக்கு ஒருமுறை மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன். கம்பெனி குறிப்பிட்ட ஆயிலாக இருக்க வேண்டும். இயந்திரத்தால் அழுத்தி ஃபிளஷ் செய்யத் தேவையில்லை, வடித்து நிரப்பினால் போதும்.

எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், கார்பன் நீக்கம், டெஃப்லான் கோட்டிங்?

நான் படித்த எந்தக் கையேட்டின் அட்டவணையிலும் இவை இல்லை. எஞ்சின் சீராக ஓடி, மைலேஜும் குறையாமல் இருந்தால் மறுத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2010 முதல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் புகையை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர் கூலர் கரியால் அடைபடுவது பரவலாக அறியப்பட்ட குறை. அது முற்றினால் எஞ்சினின் மேல்பகுதியை அடைத்து மூடும் ஹெட் கேஸ்கட் வரை சேதம் போகலாம். அதற்கு ஸ்பிரே அடிக்கும் "கார்பன் நீக்கம்" உதவாது. கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பெயர் ஒன்று போலத் தெரிந்தாலும் வேலை வேறு.

அடிப்பகுதித் துரு தடுப்புப் பூச்சு?

கடலிலிருந்து தள்ளியுள்ள பகுதிகளில் நான் இதை வற்புறுத்த மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் போய்வருபவருக்கும் கடலை ஒட்டி வசிப்பவருக்கும் பயன் உண்டு. ஆனால் ஏற்கெனவே பிடித்த துருவின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இரும்பைத் தின்னும். கழுவி, உலர்த்தி, துருவைச் சுரண்டிய பிறகு லிஃப்டில் ஏற்றி உங்களிடம் காட்டிவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.

மழை வெள்ளத்தில் கார் நின்றது. ஓடுகிறது என்றாலும் பரிசோதனை தேவையா?

கட்டாயம் தேவை, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகள் மூழ்கின. முழு ஹைப்ரிட்டின் பேட்டரி பின் இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ இருப்பதால், இருக்கை வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, புகைப்படம் எடுத்துவைத்து, வண்டியை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் அனுப்புங்கள். உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிற வயர்களை யாரும் கழற்றக் கூடாது. பயிற்சி பெற்றவர்களே மின்காப்புக் கையுறை அணிந்து, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் தொடுவார்கள். இந்த நிலையில் மின்காப்புச் சோதனைக்குக் கட்டணம் கேட்டால் கொடுங்கள்.

15 ஆண்டு நெருங்கும் காருக்குச் செலவு செய்யலாமா?

பெட்ரோல் காருக்குப் பதினைந்து ஆண்டோடு ஓட்டமே முடிந்துவிடும் என்பது டெல்லி சுற்றுப்புறத்துக்கான கட்டுப்பாட்டை நாடு முழுவதற்கும் பொருத்திக்கொண்டதால் வந்த குழப்பம். இங்கே புதுச்சேரியின் பி.ஒய் பதிவாக இருந்தாலும் கடலூரின் டி.என் 31 ஆக இருந்தாலும், தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆகவே பிரேக், டயர், புகை அளவு தொடர்பான வேலைகளைப் புதுப்பித்தலுக்கு முன் செய்துகொள்ளுங்கள். பேட்டரி போன்ற பெருஞ்செலவை மட்டும் காரின் விற்பனை மதிப்போடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வற்புறுத்தினால் என்ன செய்வது?

சர்வீஸ் அட்வைசர் உங்கள் எதிரி அல்ல. அவருக்கும் மாத இலக்கு இருக்கக்கூடும். "இந்த நான்கை இப்போது செய்யுங்கள், இந்த மூன்றுக்கு அளவைக் காட்டுங்கள், மீதியை அடுத்த முறை பார்க்கலாம்" என்று, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் தொலைபேசியில் ஒப்புதல் பெற்ற பிறகே செய்ய வேண்டும் என்றும், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஒப்புதல் இல்லாமல் செய்த வேலைக்குப் பணம் கேட்டால் முதலில் சர்வீஸ் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் பில்லும் உங்கள் கையில் இருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சு நிற்கும். அதனால் நான் அந்தக் காகிதங்களைக் காரின் கையேட்டோடு ஒரே ஃபைலில், தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். பிரேக் பேட் அளவும் 12 வோல்ட் பேட்டரி அளவும் ஒவ்வொரு முறையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.